ஸ்தபதியின் ஓலையும் பொறியாளரின் தாளும்

நன்னிலத்திற்கு அணித்தாய், பூந்தோட்டத்துக்கு மேற்கே உள்ள திருவீழிமிழலைச் சிவாலயத்தில், நடுவே தாங்கும் தூண் இல்லாமல் வில்லாக வளைந்த விதானத்தோடு நிற்கும் மண்டபத்தை வௌவால் நெற்றி மண்டபம் என்று சோழநாட்டார் வழங்குவர். பழங்காலத்து ஸ்தபதிகள் ஓர் ஆலயத் திருப்பணிக்கு உடன்படிக்கை எழுதித் தரும்போது, எந்த வேலையைச் சொன்னாலும் செய்து முடிப்போம் என்று உறுதி கூறிவிட்டு, திருவீழிமிழலை மண்டபம், ஆவுடையார்கோயில் கொடுங்கை, கடாரங்கொண்டான் மதில், திருவலஞ்சுழிப் பலகணி முதலான சிலவற்றை மட்டும் பெயர் சொல்லி விலக்கிவிடுவார்கள் என்பது இப்பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. இதைக் கேட்பவர் அச்சிற்பிகளின் பெருமையையே முதலில் நினைப்பர், நினைப்பதும் தகும். ஆயினும் பொறியியல் வரைபடத்தின் மூலதத்துவங்களை ஆராயப் புகுந்தவனுக்கு இச்செய்தி வேறொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு மண்டபத்தைக் கட்டியவன் மறைந்த பின்னர், அதே சாஸ்திரத்தைக் கற்று அதே நாட்டில் அதே உளியைப் பிடித்த அவன் வழித்தோன்றலே அதை மறுபடி கட்ட உடன்படாமல் விலக்குகிறான் என்றால், கட்டியவனுடைய எண்ணம் கல்லில் முழுமையாக இறங்கியிருந்தும் கல்லுக்கு வெளியே எங்கும் பதிவாகவில்லை என்று கொள்ள வேண்டியிருக்கிறது. எண்ணத்தை எண்ணியவனிடமிருந்து பிரித்தெடுத்து, அவனைக் கண்ணாலும் காணாத ஒருவன் கையில் பூரணமாக ஒப்படைப்பதற்கு மனிதன் கண்ட உபாயமே பொறியியல் வரைபடம்.

காவிரிக் கரையில் அளவைச் சாஸ்திரம் குறைந்திருந்தது என்று இதனால் எண்ணிவிடலாகாது. சுவாமிமலையில் பஞ்சலோக விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதி, மெழுகைக் கையில் எடுக்குமுன், செய்யப்போகும் திருவுருவின் உயரத்துக்குச் சமமாகத் தென்னை ஓலையில் ஒரு நறுக்கு எடுத்துக்கொள்கிறார். அதனைச் சாஸ்திர விதிப்படி மடித்து மடித்து, முகம், கழுத்து, மார்பு, நாபி, முழந்தாள் என்று அங்கங்களின் எல்லைகளை அதிலே குறித்துக்கொள்கிறார். ஒடியோலை என்று அதற்குப் பெயர். உத்தம தசதாலம் என்னும் பிரமாணத்தில் உருவத்தின் உயரம் முழுவதும் 124 அங்குலங்களாகப் பகுக்கப்படுகிறது. இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. அந்த விக்கிரகத்தின் உடலிலிருந்தே பிறக்கும் தேகலப்தாங்குலம். உருவம் 124 சென்டிமீட்டர் உயரமாயின் ஓர் அங்குலம் ஒரு சென்டிமீட்டராகும். 62 சென்டிமீட்டராயின் அரைச் சென்டிமீட்டராகும். எண்கள் மாறினாலும் உறுப்புகளுக்கிடையே உள்ள உறவுகள் மாறுவதில்லை. இவ்வளவு சொற்பமான ஒரு சாதனத்தில் இவ்வளவு பெரிய கணிதத்தை அடக்கிய யுக்தி உலகத்தின் எந்தத் தொழில் மரபோடும் வைத்து எண்ணத் தக்கது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆனால் அந்த ஓலை உறவுகளை மட்டுமே சொல்லும். தோள் எவ்வளவு வளைய வேண்டும், திரிபங்கத்தில் இடை எப்படி ஒசிய வேண்டும், விரல் நுனி எங்கே முடிய வேண்டும் என்பவற்றை ஓலை சொல்லாது. அவை ஸ்தபதியின் கையில் இருக்கின்றன, அந்தக் கையோ அவருடைய குருவின் பட்டறையில் பல்லாண்டு பழகியது. மெழுகுருவின்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை வார்த்து, பின்னர் மண் அச்சை உடைத்தே உருவத்தை வெளியே எடுப்பதால், ஓர் அச்சுக்கு ஒரு விக்கிரகம்தான். இரண்டாவது விக்கிரகம் முதலாவதன் பிரதியாக இருக்க வேண்டும் என்று அந்தச் சம்பிரதாயம் விரும்பியதும் இல்லை.

வேறொரு வகை அறிவு, தாளில் எழுதி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அனுப்பத்தக்க அறிவு, இந்நாட்டுக்கு நிலஅளவையின் வழியாக வந்தது. 1794-ஆம் ஆண்டு சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் என்பவர் முயற்சியால் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நிலஅளவைப் பள்ளியே பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கிய காலம் முதல், காவிரிப் படுகையின் தலைப்புகளும் மதகுகளும் வாய்க்கால்களும் பிளான் என்னும் மேல்தோற்றம், எலிவேஷன் என்னும் முகப்பு, குறுக்குவெட்டு என்ற மூன்று தோற்றங்களில் தாளில் ஏறலாயின.

அந்த மூன்று தோற்றங்களுக்கும் அடிப்படையான சாஸ்திரம் பிரான்ஸ் தேசத்தவரான காஸ்பார் மோன்ழ் என்ற கணித மேதையினுடையது. மெஸியேர் நகரத்து ராணுவப் பள்ளியில் இளைஞராகப் பணிபுரிந்தபோது, கோட்டை மதில்களை எதிரியின் பீரங்கிப் பார்வையிலிருந்து மறைத்து அமைக்கும் கணக்குக்காக அவர் கண்ட முறை, பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாகப் பாதுகாக்கப்பட்டது. புரட்சிக்குப் பின்னர் 1795-இல்தான் அவர் அதனைப் பகிரங்கமாகக் கற்பித்தார். ஒரு பொருளைச் செங்குத்தான ஒரு தளத்தின்மீதும் கிடையான ஒரு தளத்தின்மீதும், தளத்துக்கு நேர்செங்குத்தான கதிர்களால் வீழ்த்தி, கிடைத்த இரு நிழல்களையும் ஒரே தாளில் விரித்து வைத்தால், அப்பொருளின் ஒவ்வொரு புள்ளியையும் ஐயமின்றி மீட்டெடுக்கலாம் என்பதே அந்த முறையின் சாரம். ஓவியன் தூரத்தைக் காட்டுவதற்குக் கோடுகளைக் குறுக்குவான்; பொறியாளன் குறுக்குவதில்லை. கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் காட்சியைத் தியாகம் செய்து, அளந்தெடுக்கத்தக்க உண்மையை அவன் பெற்றுக்கொள்கிறான்.

இதை விளங்கிக்கொள்ள நாச்சியார்கோயில் குத்துவிளக்கைக் காட்டிலும் நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கீழ்ப்பாகம், தண்டு, தட்டு, பிரபை என்ற பகுதிகளைத் தனித்தனியே வார்த்து, கடைந்து, மரையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிப் பொருத்துவது அவ்வூர் வழக்கம். கீழ்ப்பாகமும் தண்டும் ஓர் அச்சைச் சுற்றிக் கடைந்தெடுக்கப்படுவனவாதலால், அவற்றுக்கு ஒரே தோற்றம் போதும். நடுவே நீள்கோடும் சிறுகோடும் மாறிமாறி வரும் மையக்கோட்டை வரைந்து, ஒவ்வொரு வளையத்துக்கும் விட்டத்தைக் குறித்துவிட்டால், வேறொரு ஊரில் இருக்கும் கடைசல்காரர் அதையே கடைந்துவிடுவார். தண்டின் உட்புறத்தில் உள்ள மரையை வெளியிலிருந்து காண இயலாது. அதனைச் சிறுசிறு கோடுகளாக விட்டுவிட்டு வரைந்து மறைவிளிம்பு என்று உணர்த்தலாம், அல்லது தண்டை நெடுக வெட்டியதாகப் பாவித்து, வெட்டுப்பட்ட உலோகத்தைச் சாய்கோடுகளால் நிரப்பிக் காட்டலாம். உச்சியில் அமரும் அன்னத்துக்கு வந்தால் இவை யாவும் போதாமற் போகின்றன. கழுத்தின் வளைவு ஒரு தோற்றத்திலும், சிறகின் அகலம் மற்றொன்றிலும், அலகின் கூர்மை வேறொன்றிலும் தெரிகின்றன; மூன்று தோற்றங்களையும் வரைந்த பின்னும் அவற்றுக்கிடையே மேற்பரப்பு எப்படிப் போகிறது என்பது மீதமிருக்கிறது. அந்த மீதியைத்தான் வார்ப்புக்காரரின் கை நிரப்பிற்று; அதைக் கணிதத்தால் நிரப்பப் பின்னாளில் கணினி வர வேண்டியிருந்தது.

மோன்ழின் இரு தளங்களையும் தாளில் விரிப்பதில் இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு. பொருள், காண்பவருக்கும் தளத்துக்கும் இடையில் இருப்பதாகக் கொண்டால் அது முதற்கோண முறை. அதில் மேலிருந்து காணும் தோற்றம் முகப்புக்குக் கீழே வரும். தளம் இடையில் இருப்பதாகக் கொண்டால் மூன்றாங்கோண முறை; அதில் அதே தோற்றம் முகப்புக்கு மேலே வரும். ஐரோப்பா முன்னதையும் அமெரிக்கா பின்னதையும் கைக்கொண்டன. நம் நாட்டின் தர நிறுவனம் 1955-இல் முதற்கோணத்தைப் பரிந்துரைத்து, 1960-இல் மூன்றாங்கோணத்துக்கு மாறி, 1972-இல் இரண்டில் எதையும் கொள்ளலாம் என்று விட்டு, 1988-இல் கல்லூரிகளுக்கான கையேட்டில் மீண்டும் முதற்கோணத்துக்கே வந்து சேர்ந்தது. ஒரு முறையில் வரைந்ததை மற்றொரு முறையில் வாசித்தால், இடப்புறம் போட வேண்டிய துளையை வலப்புறம் போட்டு இரும்பை வீணாக்க நேரும். ஆகவேதான் தாளின் வலது கீழ் மூலையில் உள்ள தலைப்புக் கட்டத்தில், நுனி வெட்டிய கூம்பின் இரு தோற்றங்களைச் சின்னமாக வரைந்து, எந்த முறை என்று அறிவிக்கிறார்கள். மாணவர்கள் அச்சின்னத்தை ஓர் அலங்காரமாக எண்ணி மனப்பாடமாக வரைவதைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. ஒரு தாளில் முதலில் வாசிக்க வேண்டியது அதுவே.

அளவிடுதல் பற்றிய விதிகள் சுருக்கமானவை: ஓர் அளவை ஒரே இடத்தில் எழுத வேண்டும், மில்லிமீட்டர் என்று ஒருமுறை அறிவித்த பின் எண்ணை மட்டும் எழுத வேண்டும், தாளை அளந்து பார்த்து அளவை ஊகிக்கக் கூடாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மெட்ரிக் முறை வந்தபோது தொழிற்சாலைகள் மாறிக்கொண்டன. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் நிறைமட்டத்தை மட்டும் 120 அடி என்றே டெல்டா விவசாயி இன்றும் சொல்கிறார். ஒரு சமூகத்தின் பயிரும் வாழ்வும் கட்டுண்ட எண் சட்டத்தால் எளிதில் மாறுவதில்லை.

இதுவரை சொன்னவற்றால் உறவும் உருவமும் தாளில் ஏறிவிட்டன. ஆயினும் நவீன உற்பத்தியின் ஜீவநாடி இவ்விரண்டிலும் இல்லை. எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதில்தான், தொழிலில் டாலரன்ஸ் என்று வழங்கும் அந்த விதியில்தான், அது இருக்கிறது.

தை மாசியில் நன்னிலத்துச் சம்பா வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேரிங் தேய்ந்து நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் அதன் விளிம்பில் பொறித்துள்ள 6205 என்ற எண்ணைப் படித்துக்கொண்டு திருவாரூர்க் கடைத்தெருவுக்குப் போகிறார். எந்தக் கம்பெனி செய்ததாயினும், எந்த தேசத்திலிருந்து வந்ததாயினும், அந்த எண்ணுள்ள பேரிங்கின் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டராகவே இருக்கும். அன்று மாலைக்குள் மெஷின் மறுபடி வயலில் இறங்குகிறது. இந்தச் சாதாரணக் காரியத்தின் பின்னே நிற்கும் ஏற்பாடு வியக்கத்தக்கது. சரியாக 25 மில்லிமீட்டர் என்று எந்தத் தொழிற்சாலையாலும் எதையும் செய்ய இயலாது. ஆகவே, சாதாரணத் தரத்துப் பேரிங்கின் உள்விட்டம் 25-க்கு மேல் போகக் கூடாது, அதைவிட 0.010 மில்லிமீட்டர் வரை குறையலாம் என்று ஒரு விதி. அது ஏறும் தண்டு, கே6 என்ற குறியின்படி, 25-ஐவிட 0.002 முதல் 0.015 வரை அதிகமாயிருக்க வேண்டும் என்று மற்றொரு விதி. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், மிகப் பெரிய துளையும் மிகச் சிறிய தண்டும் சந்தித்தாலும் 0.002 மில்லிமீட்டர் இறுக்கமும், மிகச் சிறிய துளையும் மிகப் பெரிய தண்டும் சந்தித்தாலும் 0.025 மில்லிமீட்டர் இறுக்கமும் கிடைக்கும். எந்த ஜோடியிலும் தளர்ச்சி நேராது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு தொழிலாளிகள், தாளில் எழுதிய இரண்டு எல்லைகளுக்குள் தத்தம் பிழைகளை அடக்கிக்கொண்டதனால், அவர்கள் செய்த பொருள்கள் மூன்றாவது ஊரில் பொருந்துகின்றன. 1841-இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் மரைகளின் கோணத்தை 55 பாகை என்று ஒருமைப்படுத்த முனைந்தது முதல், துளையையும் தண்டையும் குறித்த சர்வதேச அட்டவணைகள் வரை, தொழில் உலகத்தின் நெடிய உழைப்பு இதற்காகவே செலவாகியிருக்கிறது.

ஸ்தபதியின் மரபில் டாலரன்ஸ் என்னும் இந்த மூன்றாவது அம்சம் தோன்றாததற்குக் காரணம் அறியாமை என்று சொல்வது தவறு. அதற்கு அவசியம் நேரவில்லை என்பதே சரி. ஒரே இடத்தில், ஒரே மேஸ்திரியின் பார்வையில், ஒவ்வொரு உறுப்பையும் அதன் அண்டை உறுப்போடு வைத்துப் பார்த்து இழைத்துப் பொருத்தும் தொழிலில், பிழை பிறந்த இடத்திலேயே சரிசெய்யப்பட்டுவிடுகிறது. திருவாரூர் ஆழித்தேரின் மரவேலை அத்தகையது. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உள்ளதாகச் சொல்லப்படும் அந்தத் தேர், பல ஆண்டுகள் நிலையில் நின்றிருந்து, 1970-இல் மீண்டும் ஓடியது. திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம், அதாவது கொதிகலன் செய்யும் பெல் தொழிற்சாலை, அதற்கு இரும்பு அச்சும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தது. மேலே தச்சரின் கைக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்த மரம். கீழே தொழிற்சாலையில் அளவுக்குக் கடைந்த இரும்பு. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட்டுத் திசை திருப்பும் பழைய சாமர்த்தியமும் உடன் நிற்கிறது. சுழலும் அச்சும் அதைத் தாங்கும் உறையும் நூலளவும் பிசகலாகாது. பிரேக்கின் உருளைக்குள் நகரும் தண்டு பிசகினால் எண்ணெய் கசிந்துவிடும். மேலே உள்ள மரமோ வெயிலில் சுருங்கி மழையில் பருத்து, தன் இணைப்புகளைத் தானே சரிசெய்துகொள்ளும் இயல்புடையது. எங்கே நுண்மை வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்தறிந்த இந்த விவேகத்தைப் பொறியியல் மாணவர் எவரும் நேரில் சென்று கவனித்துக் கற்கலாம்.

கணினி இத்துறையில் புகுந்த வரலாற்றில் 1963-ஆம் ஆண்டு முக்கியமானது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவரான ஐவன் சதர்லேண்ட், திரையின்மீது ஒளிப்பேனாவால் கோடு வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலைத் தம் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக அமைத்தார். வரைந்தவர், இவ்விரு கோடுகளும் இணையாக இருக்கட்டும், இவை சமநீளமாகட்டும் என்று கட்டளையிட்டால், ஒன்றை நகர்த்தும்போது மற்றொன்றையும் அந்த உறவு கெடாமல் யந்திரமே திருத்திக்கொண்டது. ஆனால் பின்னர் சந்தையில் பரவியது இந்த எண்ணம் அன்று. 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட், வரைபலகையையும் டி-ஸ்குவேரையும் திரைக்குக் கொண்டுவந்த சௌகரியத்தால் உலகெங்கும் நிலைபெற்றது. அதில் கோடு கோடாகவே இருந்தது, அளவை மாற்றினால் அதனோடு தொடர்புள்ள கோடுகளை வரைபவரே திருத்த வேண்டியிருந்தது. 1980-களின் இறுதியில் ப்ரோ-எஞ்சினியர் என்ற நிரலோடு பரவிய பராமெட்ரிக் முறையில்தான் உறவுகள் மீண்டும் மேலோங்கின. இதில் உருவாவது திண்ம மாதிரி. குத்துவிளக்குத் தட்டின் விட்டம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, மரையின் ஆழம் தண்டின் விட்டத்துக்குச் சமம் என்று உறவுகளை எழுதிவைத்தால், உயரம் என்ற ஓர் எண்ணை மாற்றியதும் விளக்கு முழுவதும் தன்னைத் தானே புதிதாக அமைத்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் சுவாமிமலை ஓலையை நினையாமல் இருக்க இயலவில்லை. ஓர் உயரத்திலிருந்து அங்கங்கள் அனைத்தையும் பெறும் தேகலப்தாங்குலமும், ஓர் எண்ணிலிருந்து உறுப்புகள் அனைத்தையும் பெறும் பராமெட்ரிக் மாதிரியும் கணித இயல்பால் ஒரே குடும்பத்தவை. நம் முன்னோர் கணினியை அறிந்திருந்தார்கள் என்று சொல்லும் வீண்பெருமை எனக்கு உடன்பாடு அன்று. அத்தகைய பேச்சு ஸ்தபதிக்கும் கௌரவம் தராது, விஞ்ஞானத்துக்கும் தராது. நான் சொல்ல விரும்புவது வேறு. தனித்தனி எண்களை மனப்பாடம் செய்யாமல், எதிலிருந்து எது பிறக்கிறது என்று முதலில் கேட்கும் பழக்கம் டெல்டாவின் தொழில் மரபில் ஏற்கெனவே இருக்கிறது. கும்பகோணத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலுள்ள கல்லூரிகளில் கணினி வரைவியலாகிய கேட் கற்கும் பிள்ளைகளுக்கு, மெனுவில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதற்கு முன்னால், ஒருநாள் ஒடியோலை மடிக்கச் சொல்லிக்கொடுத்தால், பராமெட்ரிக் என்ற விஷயம் அவர்கள் புத்தியில் வேரோடு பதியும் என்று உறுதியாக நம்புகிறேன். கையால் வெறும் பென்சிலில் மூன்று தோற்றங்களையும் வரையப் பழகிய பின்னரே திரைக்கு முன் அமர வேண்டும் என்பதும் என் கட்சி. நேரில் காணாத முகத்தை மனத்தால் காணும் சக்தியைத் திரை தருவதில்லை.

வரைந்ததை யந்திரமே செய்யும்படி செய்த கதை ஸ்கெட்ச்பேடுக்கும் சற்று முந்தையது. ஹெலிகாப்டர் இறகுகளின் வளைவைத் துல்லியமாகச் செதுக்க விரும்பிய ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையிலிருந்து பிறந்து, துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் யந்திரத்தை எம்.ஐ.டி. 1952-இல் இயக்கிக் காட்டியது. கணினியின் எண் கட்டளைகளால் இயங்கும் இன்றைய சி.என்.சி. லேத்தும் அதன் சந்ததியே. ஜி00 என்றால் வெட்டாமல் விரைந்து செல், ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டிச் செல், ஜி02 என்றால் வலஞ்சுழியாக வளைந்து வெட்டு, எம்03 என்றால் சுழல்தண்டைச் சுற்றவிடு என்றவாறு, ஒரு கடைசல்காரரின் கை அறியும் அசைவுகள் ஒவ்வொன்றும் அங்கே ஒரு வரியாகின்றன. திண்ம மாதிரியைப் பார்த்து உளி போக வேண்டிய பாதையைக் கணக்கிடுவதும், அதனைக் குறிப்பிட்ட யந்திரத்தின் வழக்குக்கு மாற்றி எழுதுவதும் கணினிவழி உற்பத்திக்கான கேம் நிரல்களின் வேலை. முப்பரிமாண அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பில் வளைந்த பரப்பு முழுவதும் சிறுசிறு முக்கோணங்களாக உடைக்கப்படுகிறது. முக்கோணங்கள் பெரிதாயின் அன்னத்தின் கழுத்து பட்டைதீட்டியதுபோல் வரும், சிறிதாயின் கோப்பு பருத்துவிடும்.

எனினும், திரையில் உள்ள திண்ம மாதிரியில் 25 என்றால் அது பிழையே இல்லாத 25. பிழை என்று ஒன்று உண்டு என்பதையே அம்மாதிரி தானாக அறியாது. உளிப்பாதையும் முக்கோணங்களும் அந்தக் குற்றமற்ற உருவத்திலிருந்தே பிறக்கின்றன. ஆகவே, தாளில் கோடுகளோடு கோடுகளாக எழுதிவந்த பொறுக்கத்தக்க பிழை, தாள் மறையும்போது அதனோடு மறைந்துபோகும் அபாயம் ஏற்பட்டது. இதனை உணர்ந்தே 2003-இல் அமெரிக்க யந்திரப் பொறியாளர் சங்கமும், 2006-இல் சர்வதேசத் தர அமைப்பும், அளவுகளையும் டாலரன்ஸ்களையும் ஆதாரத் தளங்களையும் மாதிரியின்மீதே எழுதிவைக்கும் விதிகளை வெளியிட்டன. எந்த முகத்தை ஆதாரமாகக் கொண்டு மற்றவற்றை அளப்பது, எந்தத் தண்டுக்குக் கே6 எழுதுவது, எதற்குத் தளர்ச்சியான பொருத்தம் கொடுப்பது என்பவற்றை நிரல் தானாகத் தீர்மானித்துவிடாது. பேரிங்கின் உள்வளையம் தண்டோடு சேர்ந்து சுழன்று, சுமையோ எப்போதும் கீழ்நோக்கியே இழுக்குமானால், உள்வளையம் இறுகியிருந்தால்தான் தண்டின்மேல் வழுக்கித் தேயாது. வெளிவளையத்துக்குச் சிறிது தளர்ச்சி இருக்கலாம். தண்டு நின்று வெளிப்புறம் சுழலும் சக்கரத்தில் இந்த நியாயம் தலைகீழாக மாறிவிடும். அறுவடை மெஷினின் எந்த இடத்தில் எந்தச் சுமை எப்படி விழுகிறது என்று வயலில் நின்று பார்த்தவர்தாம் அந்தக் குறியை எழுத வேண்டும்.